பந்தைத் தொலைக்காதவன்: ஹாலிபர்ட்டன் வளர்ந்த கதை

2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் கூடைப்பந்து ஆடும் சிமெண்ட் கோர்ட்டின் ஓரத்தில், காலை ஆறு மணிக்கு, ஒரே போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் இறுதிச் சுற்றில் முதல் ஆட்டம். ஆட்டம் நடந்த ஓக்லஹோமா சிட்டியில் அப்போது முந்தைய நாள் இரவு ஏழரை மணி. இங்கே பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எட்டு மணியானதும் பையன்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாகப் போனவன் எங்கள் குழுவின் பாயின்ட் கார்டு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். "இண்டியானா பதினஞ்சு பாயின்ட் பின்னாடி இருக்குண்ணா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான்.

ஆட்டம் முடிய 0.3 விநாடி இருந்தபோது இண்டியானாவின் பாயின்ட் கார்டு டைரீஸ் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து ரிங்குக்குள் விழுந்தது. இண்டியானா பேசர்ஸ் 111, ஓக்லஹோமா சிட்டி தண்டர் 110. அந்த ஆட்டம் முழுவதிலும் இண்டியானா முன்னால் இருந்தது அந்த 0.3 விநாடி மட்டும்தான்.

சாயங்காலம் பையன் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "கோச் டைம் அவுட் எடுக்கலையாண்ணா?" என்பதுதான். எடுக்கவில்லை. ஒரு பாயின்ட் பின்தங்கி, சில விநாடிகளே மிஞ்சியிருக்கும்போது எந்தப் பயிற்சியாளரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பலகையில் கோடு போட்டுக் காட்டி, 'நீ இங்கே நில், நீ அங்கே ஓடு' என்று சொல்லத்தான் பார்ப்பார். இண்டியானாவின் பயிற்சியாளர் ரிக் கார்லைல் அப்படியே நின்றார். ஹாலிபர்ட்டன் கையில் பந்து இருக்கிறது, அது போதும் என்று விட்டுவிட்டார். ஒரு இளைஞன் மேல் இவ்வளவு நம்பிக்கை எப்படி வந்தது? அவருடைய வளர்ச்சியைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாயின்ட் கார்டு என்பவர் பந்தைத் தன் பக்கத்திலிருந்து எதிரணிப் பக்கம் கொண்டுபோகிறவர். யார் எங்கே நிற்க வேண்டும், பந்து யாரிடம், எப்போது போக வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்கிறவர். 24 விநாடிக்குள் பந்தை ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பது விதி. அந்த 24 விநாடியில் பெரும்பகுதி அவர் கையில்தான் ஓடும். நம் ஊர்ப் பள்ளிகளில் இந்த வேலை யாருக்குக் கிடைக்கும் என்றால், இருப்பதிலேயே குள்ளமானவனுக்கு. உயரமானவர்களை ரிங் அடியில் நிறுத்திவிட்டு, மீதி இருப்பவனிடம் "நீ பந்தைத் தூக்கிட்டு வா" என்பார்கள். நான் படித்த பள்ளியிலும் அதுதான் நடந்தது. முதல் நாளே எங்களைச் சுவரோரம் வரிசையாக நிற்கவைத்து, உயரத்தைப் பார்த்தே இடம் பிரித்துவிட்டார்கள். பந்தை யார் கையிலும் கொடுத்துப் பார்க்கவில்லை. அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

உயரத்தின் மேலுள்ள இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் புது ஆட்டக்காரர்களை அணிகள் ஒவ்வொருவராக எடுக்கும் என்பிஏ தேர்வில் (டிராஃப்ட்) எடுக்கப்பட்ட முதல் இந்தியர் சத்னாம் சிங். 2015இல் டல்லஸ் மாவெரிக்ஸ் அணி அவரை 52ஆவதாக எடுத்தது. பஞ்சாபின் ஒரு கிராமத்திலிருந்து வந்த, ஏழடி தாண்டிய இளைஞர். என்பிஏ லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவரால் களம் இறங்க முடியவில்லை. அவர் போட்ட உழைப்பைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்தியாவில் கூடைப்பந்து என்றதும் எல்லார் கண்ணும் முதலில் உயரத்தைத்தான் அளக்கிறது. முடிவெடுக்கும் திறனை அளக்க நம்மிடம் டேப் இல்லை.

சரி, ஹாலிபர்ட்டன் குள்ளமா? இல்லவே இல்லை. ஆறடி ஐந்தங்குலம். கடலூரில் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு சென்டர் ஆக்கி ரிங் அடியில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் அவர் ஆடும் லீகில் அந்த உயரத்துக்குத் தனி மதிப்பு ஏதும் கிடையாது. மின்னல் வேகமோ முரட்டு உடம்போ அவருக்கு இல்லை, ஒல்லி. ஆட வந்த முதல் நாளிலிருந்து 'இவன்தான் அடுத்த பெரிய ஆள்' என்று யாரும் அவரைக் கைகாட்டவும் இல்லை.

பிறந்தது 2000 பிப்ரவரி 29, விஸ்கான்சின் மாநிலத்தில் வின்னபேகோ ஏரிக்கரையிலுள்ள ஆஷ்காஷ் என்ற ஊரில். அங்கேயே உயர்நிலைப் பள்ளியில் ஆடி, 2018இல் மாநிலக் கோப்பையை வென்றார். அமெரிக்காவில் பள்ளி ஆட்டக்காரர்களுக்கு நட்சத்திர மதிப்பீடு போடுவார்கள். ஐந்து நட்சத்திரம் வாங்கியவர்கள் பின்னால் பெரிய கல்லூரிகள் ஓடும். இவருக்குக் கிடைத்தது மூன்று. அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் ஆண்டில் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 6.8 பாயின்ட்தான். ஆனால் அதே ஆண்டில் ஒரே ஆட்டத்தில் 17 அசிஸ்ட் கொடுத்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் சாதனையை உடைத்தார். நாம் கொடுத்த பாஸை வாங்கியவர் உடனே கூடையில் போட்டால் நம் கணக்கில் ஓர் அசிஸ்ட். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பது தெரிந்துவிடும். தானே அதிகம் எறிய மாட்டார். ஆனால் பந்து அவர் வழியாகத்தான் போகும்.

2019இல் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் அமெரிக்கா தங்கம் வென்றபோது அந்த அணியில் இருந்தார். அடுத்த கல்லூரிப் பருவத்தில் சராசரி 15.2 பாயின்டாக உயர்ந்தது. 2020 பிப்ரவரியில் மணிக்கட்டு உடைந்து, அந்தப் பருவமே பாதியில் நின்றது. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த என்பிஏ தேர்வில் பதினோரு பெயர்களைப் படித்து முடித்த பிறகுதான் இவர் பெயர் வந்தது. பன்னிரண்டாவதாக சேக்ரமென்டோ கிங்ஸ் எடுத்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2019 அக்டோபரில் என்பிஏ முதன்முதலாக இந்தியாவில் ஆடியது. மும்பையில் இரண்டு நட்பு ஆட்டங்கள். வந்த அணிகள் சேக்ரமென்டோ கிங்ஸ், இண்டியானா பேசர்ஸ். ஹாலிபர்ட்டன் பிற்பாடு ஆடிய அதே இரண்டு அணிகள்! அப்போது அவர் அயோவாவில் கல்லூரி மாணவர். மும்பையில் அந்த ஆட்டங்களைப் பார்த்த யாருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கிங்ஸில் அவர் நன்றாகத்தான் ஆடினார். ஆனால் அங்கே ஏற்கெனவே டியாரன் ஃபாக்ஸ் இருந்தார். அவரும் பாயின்ட் கார்டு, அதிலும் பாய்ந்து போகிற ரகம். ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பக்கத்தில் சும்மா உட்கார வேண்டியதுதான். 2022 பிப்ரவரி 8 அன்று கிங்ஸ் ஒரு முடிவெடுத்தது. இண்டியானாவிலிருந்து டொமாண்டஸ் சபோனிஸ் என்ற நெடிய ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டு ஹாலிபர்ட்டனை அனுப்பிவிட்டது. இருபத்திரண்டு வயதுகூட ஆகாத பையன், அந்த ஊரிலேயே இருக்க ஆசைப்பட்டவர். அவருக்கு அது பெரிய அடி.

கிங்ஸ் ஏமாந்துவிட்டது என்று இன்றைக்குப் பலரும் பேசுகிறார்கள். அது நியாயமில்லை. சபோனிஸ் வந்த பிறகு, 2023இல், பதினாறு ஆண்டு வறட்சி முடிந்து கிங்ஸ் பிளேஆஃப் போனது, அதாவது இரண்டிரண்டு அணிகளாக ஏழு ஆட்டம் வரை மோதி, நான்கு ஜெயித்தவர் முன்னேறும் கோப்பைச் சுற்றுக்கு. எனக்கு முக்கியமாகப் படுவது இண்டியானாவில் நடந்ததுதான். அவர்கள் சாவியை முழுசாக ஹாலிபர்ட்டன் கையில் கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் சேக்ரமென்டோவில் ஆட்டத்துக்கு 7.4 அசிஸ்ட் கொடுத்தவர், அதே பருவத்தின் மீதியில் இண்டியானாவில் 9.6 கொடுத்தார். கையும் காலும் அதேதான், இடம்தான் மாறியது. அடுத்த பருவத்தில் 10.4. அதற்கு அடுத்த பருவத்தில், அதாவது 2023-24இல், 10.9. அந்த ஆண்டு லீகிலேயே அதுதான் அதிகம். பேசர்ஸ் அணியும் 25 வெற்றி, 35, 47, 50 என்று படிப்படியாக ஏறியது.

அவர் ஆட்டத்தில் என்ன புதுசு என்று பையன்கள் கேட்டால் நான் மூன்றைக் காட்டுவேன்.

முதலாவது, பந்து கைக்கு வந்ததுமே முன்னால் அனுப்பிவிடுவது. எதிரணி எறிந்து தவறியதும், ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) வாங்கி, நின்று நிதானித்து, தரையில் தட்டிக்கொண்டு போகிற பழக்கம் அவரிடம் இல்லை. தலை எப்போதும் நிமிர்ந்தே இருக்கும். பாதிக் கோர்ட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருப்பவனுக்குப் பந்து பறந்து போகும். ஓடினால் பந்து கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் எல்லாருமே ஓடுவார்கள். ஓடினாலும் பந்து வராது என்றால் இரண்டாம் நாளே நின்றுவிடுவார்கள். எந்தக் கோர்ட்டிலும் இதைப் பார்க்கலாம். 2023-24இல் பேசர்ஸ் ஆட்டத்துக்குச் சராசரி 123.3 பாயின்ட் எடுத்ததன் பின்னால் இந்த எளிய விஷயம்தான் இருக்கிறது.

இரண்டாவது, குதித்துக்கொண்டே பாஸ் கொடுப்பது. எந்தப் பயிற்சியாளரும் முதல் வாரத்திலேயே தடை போடுகிற விஷயம் இது. காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டால் மேலே போனபிறகு மனசு மாற முடியாது, யாரும் காலியாக இல்லையென்றால் பந்து போச்சு. ஹாலிபர்ட்டன் வேண்டுமென்றே குதிப்பார். குதித்தவர் எறியத்தான் போகிறார் என்று இரண்டு பேர் அவரை நோக்கி வருவார்கள். அந்த நொடியில் மூலையில் ஒருவன் தனியாக நிற்பான். பந்து அங்கே போகும். குதிப்பதற்கு முன்பே மூலையைப் பார்த்து வைத்திருக்கிறார் என்பதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது. அவர் பந்தைத் தொலைப்பதில்லை. 2024-25இல் ஆட்டத்துக்கு 9.2 அசிஸ்ட் கொடுத்தார், பந்தை இழந்தது 1.6 முறை. அப்படி இழப்பதை டர்ன்ஓவர் என்பார்கள். ஒரு டர்ன்ஓவருக்கு ஐந்துக்கும் மேல் அசிஸ்ட். மூன்று வந்தாலே நல்ல பாயின்ட் கார்டு என்று தட்டிக்கொடுப்பார்கள். பந்தைத் தொலைத்தால் நமக்கு வரவேண்டிய வாய்ப்பு போகிறது என்பதோடு முடியாது. நம் ஆட்கள் எல்லாரும் தாக்குவதற்காக முன்னால் நிற்கும்போது எதிரி காலி ரிங்கை நோக்கி ஓடுகிறான். ஒரு தவறு இரண்டு தடவை வலிக்கும். ஆனாலும் பந்தைத் தொலைக்காமல் இருப்பது மட்டுமே லட்சியம் என்றால் அதற்குச் சுலப வழி உண்டு: பக்கத்தில் நிற்பவனுக்கே கொடுத்துக்கொண்டிருக்கலாம். இவர் கொடுப்பதோ ஆளுக்கு ஆள் நடுவில் ஊசிக்கண் இடைவெளியில் போகிற பாஸ். துணிந்தும் கொடுக்கிறார், தொலைப்பதும் இல்லை. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம்.

எறியும் விதத்தையும் சொல்ல வேண்டும். அவர் எறிவதைப் பார்த்தால் யாரோ தெருவில் கற்றுக்கொண்டது போல இருக்கும். பந்து நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்து, உடம்பின் குறுக்கே வந்து, இரண்டு கையாலும் தள்ளுவது போலப் போகும். பாடப் புத்தகப்படி அது தப்பு. ஆனால் என்பிஏவில் இதுவரை தூரக் கோட்டுக்கு வெளியே நின்று அவர் எறிந்த மூன்று பாயின்ட் எறிகளில் நூற்றுக்குச் சுமார் 39 உள்ளே போயிருக்கின்றன. அதை யாரும் உடைத்துத் திருத்தாமல் விட்டார்களே, அந்தப் புண்ணியவான்களைக் கும்பிடத் தோன்றுகிறது. நம் கோர்ட்டுகளில் முழங்கை வளைந்திருக்கிறது என்பதற்காகவே எத்தனை பையன்களை ஓரம்கட்டியிருக்கிறோம்!

2023 இறுதியில் லீக் முதல்முறையாக நடத்திய பருவநடுக் கோப்பையில்தான் உலகம் அவரைக் கவனித்தது. பாஸ்டனுக்கு எதிராக 26 பாயின்ட், 13 அசிஸ்ட். மில்வாக்கிக்கு எதிராக 27 பாயின்ட், 15 அசிஸ்ட். இரண்டு ஆட்டத்திலும் ஒரு முறைகூடப் பந்தை இழக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் லேக்கர்ஸிடம் தோற்றார்கள் என்றாலும் பெயர் நிலைத்துவிட்டது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் அணியில் இடம், தங்கப் பதக்கம். அங்கே பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் சறுக்கல். 2024 அக்டோபரில் நியூயார்க்கில் நிக்ஸுக்கு எதிராக எட்டு முறை எறிந்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை, மொத்தம் பூஜ்யம். பேசர்ஸ் முதல் 25 ஆட்டங்களில் 15 தோற்றது. 2025 ஏப்ரலில் தி அத்லெட்டிக் இதழ், பெயரை வெளியிடாமல் ஆட்டக்காரர்களிடமே ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. தகுதிக்கு மீறிப் புகழப்படுபவர் யார் என்ற கேள்விக்கு அதிக வாக்கு இவருக்குத்தான். சக ஆட்டக்காரர்களே இப்படிச் சொன்னது எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு யோசித்தபோது காரணம் தெரிந்தது. அவர் செய்யும் வேலையில் பாதி அவர் கணக்கில் வராது. அவர் பாஸ் கொடுத்து, வாங்கியவன் இன்னொருவனுக்குக் கொடுத்து, அவன் கூடையில் போட்டால் ஹாலிபர்ட்டன் பெயர் எங்கேயும் இருக்காது. ஆட்டத்தை முழுசாக உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும்.

பதில் கோர்ட்டில் வந்தது. அதே மாதக் கடைசியில், பிளேஆஃப் முதல் சுற்றில் மில்வாக்கிக்கு எதிரான ஐந்தாவது ஆட்டம். கூடுதல் நேரத்தில் ஏழு பாயின்ட் பின்தங்கியிருந்து, கடைசியில் ஹாலிபர்ட்டன் உள்ளே புகுந்து போட்ட லே-அப்பில் 119-118. மே மாதம் கிளீவ்லாண்டில், தான் தவறவிட்ட ஃப்ரீ த்ரோவின் (ஃபவுலுக்காக, யாரும் தடுக்காமல் எறியக் கிடைப்பது) ரீபவுண்டைத் தானே பிடித்து, வெளியே வந்து, பின்னால் ஓரடி வைத்து எறிந்த மூன்று பாயின்டில் 120-119. அப்புறம் நியூயார்க், கிழக்குப் பிரிவு இறுதியின் முதல் ஆட்டம். மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது 14 பாயின்ட் பின்னால் இருந்தார்கள். ஆரன் நெஸ்மித் மூன்று பாயின்டுகளை அடுக்கடுக்காகப் போட்டு இடைவெளியைக் குறைத்தார். மணி அடிக்கும் நேரத்தில் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து ரிங்கின் பின்பக்கத்தில் மோதி, போர்டுக்கும் மேலே எழும்பி, வானத்திலேயே நின்றுவிட்டது போல நின்று, நேராக உள்ளே விழுந்தது. மூன்று பாயின்ட் என்று நினைத்து அவர் வெற்றி கொண்டாடிவிட்டார். கால் நுனி கோட்டில் பட்டிருந்தது, இரண்டுதான். ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் 138-135 என்று ஜெயித்தார்கள். பூஜ்யம் எடுத்த அதே அரங்கம்.

கடைசி விநாடி எறிகளைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தத் தொடரின் நான்காவது ஆட்டம்தான் உச்சம். 32 பாயின்ட், 15 அசிஸ்ட், 12 ரீபவுண்ட், டர்ன்ஓவர் பூஜ்யம். பிளேஆஃப் வரலாற்றில் இப்படி ஓர் ஆட்டத்தை அதற்கு முன் யாரும் ஆடியதில்லை. அதில் கடைசி விநாடி அதிசயம் எதுவும் கிடையாது. முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை ஒவ்வொரு முறையும் சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் பந்து போனது, அவ்வளவுதான். ஜூன் 6 அன்று கார்லைல் டைம் அவுட் எடுக்காததற்குக் காரணம் இந்த ஆட்டத்தில் இருக்கிறது. அன்று முதல் பாதியில் மட்டும் பேசர்ஸ் அணி 19 முறை பந்தைத் தொலைத்திருந்தது. அப்படியிருந்தும் கடைசிப் பந்தை ஹாலிபர்ட்டனிடம் விட்டுவிட்டு அவர் நின்றார். டைம் அவுட் எடுத்தால் எதிரணிக்கும் மூச்சு வாங்கி, தற்காப்பை அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்கும். கலைந்து கிடக்கிற கோர்ட்டில் வழி கண்டுபிடிக்கிறவன் நம்மிடம் இருக்கும்போது அந்த நேரத்தை எதற்குக் கொடுக்க வேண்டும்?

இண்டியானா அதற்கு முன் இறுதிச் சுற்றில் ஆடியது 2000இல். ஹாலிபர்ட்டன் பிறந்த ஆண்டு.

ஏழாவது ஆட்டம் வரை இழுத்தார்கள். ஐந்தாவது ஆட்டத்திலேயே அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அன்று எடுத்தது நான்கே பாயின்ட், எல்லாம் ஃப்ரீ த்ரோவில். ஆனாலும் ஆறாவதில் இறங்கினார், அணி ஜெயித்தது. ஜூன் 23, திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு நாங்கள் மறுபடி கோர்ட்டோரம் கூடினோம். ஏழு நிமிடத்துக்குள் மூன்று மூன்று-பாயின்டுகள் போட்டார். பையன்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்புறம் பந்தோடு முன்னால் பாய வலது காலை ஊன்றினார், கீழே விழுந்தார். யாரும் மேலே மோதவில்லை. கையால் தரையை அடித்துக்கொண்டே இருந்தார். குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாண், அக்கிலிஸ், அறுந்துவிட்டது. தண்டர் 103-91 என்று கோப்பையை எடுத்தது. அதே பிளேஆஃபில் வேறு அணிகளில் ஆடிய டேமியன் லில்லார்டுக்கும் ஜேசன் டேட்டமுக்கும் இதே தசைநாண் அறுந்திருந்தது. மூன்று பேரின் பனியனிலும் எண் பூஜ்யம் என்பதை எங்கள் பையன்களில் ஒருவன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். சொல்லிவிட்டுத் தன் பனியனைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

2025-26 பருவம் முழுவதும் அவர் ஆட மாட்டார் என்று அந்த ஜூலையிலேயே அணி அறிவித்தது. ஒரு பாயின்ட் கார்டுக்கு அக்கிலிஸ் அறுவது பெரிய அடி. குதிப்பதும் முதல் எட்டு வைப்பதும் அந்த நாணை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் வேகத்தை நம்பி வளர்ந்தவருக்கு வரும் ஆபத்தைவிட இவருக்குக் குறைவு என்றுதான் நினைக்கிறேன். மூலையில் யார் காலியாக நிற்கிறான் என்று முன்கூட்டியே பார்த்து வைக்கிற கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

அந்த ஜூன் மாதமே நான் இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். பக்கத்துக்கு நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'கொடுத்தது', வலப்பக்கம் 'தொலைத்தது'. அதற்கு முன் எங்கள் கோர்ட்டில் யார் எத்தனை போட்டான் என்பதை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். முதல் நாள் நம் ஒன்பதாம் வகுப்புக்காரன் பெயருக்கு நேராக வலப்பக்கம் நிரம்பிவிட்டது. முகம் சுருங்கிப் போனான். எங்கள் கோர்ட்டில் சாயங்காலமானால் சில்வர் பீச் பக்கமிருந்து கடற்காற்று ஏறும். தூரத்திலிருந்து எறிந்தால் பந்து ஒரு முழம் தள்ளிப் போகும். அதனால் அந்த நேரத்தில் பாஸ் கொடுக்கத் தெரிந்த அணிதான் ஜெயிக்கும். இது எங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டியது.

போன வாரம் அவன் ரிங்குக்கு முன்னால் இருக்கும் கட்டத்துக்குள் புகுந்து குதித்தான். நெட்டையான இரண்டு பேர் மேலே பாய்ந்தார்கள். "குதிச்சிட்டு பாஸ் பண்ணாதே" என்று கத்த வாயெடுத்தேன். பந்து அதற்குள் வலது மூலைக்குப் போய்விட்டது. அங்கே நின்றிருந்தவன் எதிர்பார்க்கவில்லை, கையில் பட்டு வெளியே உருண்டு சாக்கடைப் பக்கம் ஓடியது. பையன் திரும்பி என்னைப் பார்த்தான். எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கொடுத்ததுல எழுதுங்கண்ணா," என்றான், "அவன்தான் பிடிக்கல."

இடப்பக்கமே எழுதினேன்.